இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் நர்ஸ் மகளுக்கு, சம்பளக் கணக்கு பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

மதுரையிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி 32,000 ரூபாய் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது, வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். வா என்றோ வராதே என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. போனில் பேசினால் அப்பா நடுவில் புகுந்து ஈ.எம்.ஐ. கதைக்குப் போய்விடுவார். அதனால்தான் எழுதுகிறேன். ஆஃப் அன்றைக்கு நிதானமாகப் படி.

முதலில் பணம். உன் பெரியப்பாவிடம் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் என்.ஹெச்.எஸ்.ஸில், அதாவது அங்கத்து அரசு மருத்துவச் சேவையில், நர்ஸ் சேருகிற பேண்ட் 5 என்ற சம்பளப் படியின் தொடக்கச் சம்பளம் 2025-26-க்கு வருஷம் 31,049 பவுண்டு. பவுண்டுக்கு 115 ரூபாய் என்று பெருக்கி, "எங்க பிள்ளை முப்பத்தஞ்சு லட்சம் வாங்குது" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சொல்கிறார். கேட்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள், அடுத்த வாரமே கைமாற்றுக் கேட்டு வீட்டுக்கு வருகிறார்கள். நீ அனுப்பின பே ஸ்லிப்பை வரி வரியாகப் பார்த்தவள் நான். அடிப்படை மாதம் 2,587 பவுண்டு. வருமான வரி, நேஷனல் இன்சூரன்ஸ், பென்ஷனுக்கு எட்டு சதவீதத்துக்கு மேல் என்று எல்லாம் பிடித்தது போக, கைக்கு 2,000-க்குச் சற்றுக் குறைவாக நிற்கிறது. அதில்தான் அறை வாடகை, பஸ், சாப்பாடு, குளிர்காலத்து ஹீட்டர் செலவு. மாதாமாதம் நீ அனுப்புகிற 500 பவுண்டு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்தது. பெருக்குவதானால் அதைப் பெருக்க வேண்டும். 57,500 ரூபாய்.

இங்கே வந்தால் வாடகை கிடையாது, அம்மா சமையல். பி.எஃப். போக முப்பதாயிரத்துக்குக் கிட்டே கையில் இருக்கும். ஆக வித்தியாசம் இரண்டு மடங்குக்குள்தான். அதற்காக இவ்வளவு தூரத்தில், குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில் இருக்க வேண்டுமா என்றுதான் நீ யோசிக்கிறாய். அதில் தப்பில்லை. ஆனால் நான் பார்ப்பது மாதச் சம்பளத்தை அல்ல, அந்தச் சம்பளத்துக்கு எத்தனை மணி நேரம் உன்னை வாங்குகிறார்கள் என்பதை.

அங்கே உனக்கு வாரம் 37.5 மணி நேரம். பன்னிரண்டரை மணி நேர லாங் டே பார்த்தால் அதில் ஒரு மணி நேர பிரேக்குக்குக் காசு இல்லை என்று புலம்பினாயே, எனக்குச் சிரிப்புதான் வந்தது. காசு இல்லாவிட்டாலும் பிரேக் என்று ஒன்று தாளில் இருக்கிறதே! நைட்டுக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதம் கூடுதல், ஞாயிறுக்கும் அரசு விடுமுறைக்கும் 60 சதவீதம். வருஷத்துக்கு 27 நாள் லீவு, அதுபோக விடுமுறை நாள் எட்டு. சேர்ந்த முதல் வருஷத்திலேயே உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒரு மாதம் முழுச் சம்பளம், அப்புறம் இரண்டு மாதம் பாதி.

உன் தாத்தா மதுரை ஹார்வி நூல் மில்லில் இருந்தவர். ஓவர்டைம் பார்த்தால் சட்டப்படி இரட்டைச் சம்பளம், சங்கு ஊதினால் வீட்டுக்கு. அவர் பேத்தி பி.எஸ்சி. நர்சிங் படித்து இதே மதுரையில் வேலை பார்த்தபோது, டியூட்டி முடிந்து அடுத்த ஷிப்டுக்கு ஹேண்டோவர் கொடுத்து, பில் முடியாத பேஷண்டுக்காகக் காத்திருந்து, கடைசி பஸ்ஸைப் பிடிக்க மாட்டுத்தாவணிக்கு ஓடினாள். அந்தக் கூடுதல் நேரத்தை யாரும் எண்ணவே இல்லை. எண்ணாததால் கணக்கும் இல்லை, காசும் இல்லை.

நீ அப்போது வேலை பார்த்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் உனக்கு மாதம் 13,000 கொடுத்தார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு ஒரு குழு போட்டது. 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட நர்ஸ் சம்பளம் 20,000-க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு என்னவோ அதற்குச் சமமாகத் தர வேண்டும் என்று அந்தக் குழு எழுதிக் கொடுத்தது. நீ வேலை பார்த்த இடத்தில் 200-க்கு மேல் படுக்கை. குழுவின் பரிந்துரையைக் கேட்டு நடக்க யாருக்கு என்ன அவசரம்? சம்பளத்தைவிட எனக்கு ஆறாதது உன் சர்டிபிகேட் விஷயம். ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டு, பாண்ட் (இத்தனை வருஷம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்தது) முடியவில்லை, பணம் கட்டு என்றார்கள். அப்பா அந்த ஹெச்.ஆர். அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்து வாங்கி வந்தார். இங்கிலாந்துக்குப் போகும்போது உன் ஒரிஜினலை யாராவது கேட்டார்களா? பார்த்தார்கள், நகல் எடுத்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு அம்மா இங்கிலாந்துக்குக் கொடி பிடிக்கிறாள் என்று நினைக்காதே. சில விஷயத்தில் நம் ஊர்ச் சட்டம்தான் மேல். பிரசவ விடுப்பையே எடுத்துக்கொள். இந்தியச் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைக்கும் 26 வாரம், முழுச் சம்பளத்தோடு. தமிழ்நாடு அரசு ஊழியர் என்றால் 2021-லிருந்து 12 மாதம். உங்கள் என்.ஹெச்.எஸ்.ஸில் முழுச் சம்பளம் எட்டு வாரம்தான், அப்புறம் பாதி, அப்புறம் அதுவும் குறைந்து கடைசியில் ஒன்றுமில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆளும் கிடையாது. நாளைக்கு உனக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது இது பெரிய விஷயம். ஆனால் சட்டம் சொல்வது வேறு, தனியார் ஆஸ்பத்திரியில் கர்ப்பமான நர்ஸை ஆறாம் மாதத்தில் "நீங்களே ரிசைன் பண்ணிடுங்க சிஸ்டர்" என்று சொல்வது வேறு. உன் கூடப் படித்தவளுக்கு நடந்தது உனக்கே தெரியும்.

உன் அம்மாவைப் போல நீயும் அரசு நர்ஸ் வேலைக்கு முயற்சி பண்ணலாமே என்று அத்தை சொல்கிறாள். நான் 2003 ஏப்ரலுக்கு முன்னால் சேர்ந்தவள், அதனால் பழைய பென்ஷன் கிடைக்கிறது. இப்போது எம்.ஆர்.பி. (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) பரீட்சை எழுதி வருகிற பிள்ளைகள் தொகுப்பூதியத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதம் 7,700-ல் ஆரம்பித்தது, பல தடவை ரோட்டில் உட்கார்ந்து போராடி 14,000 ஆகி, அப்புறம் 18,000 ஆனது. நான் ரெகுலராக வாங்கின சம்பளத்துக்கும் பக்கத்துக் கட்டிலில் அதே ஊசியைப் போட்ட அந்தப் பிள்ளையின் சம்பளத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதை எந்த நாட்டோடு ஒப்பிடுவது?

அப்புறம் அந்த ஒன்பது பேஷண்ட் விஷயம். ஒரு நர்ஸ் ஒன்பது பேரைப் பார்க்க வேண்டியிருந்தது என்று நீ அழுதபோது, பெரியாஸ்பத்திரியில் நாற்பது பேருக்கு ஒருத்தியாக நைட் பார்த்த நான் பேசாமல்தான் கேட்டேன். ஏனென்றால் அந்த ஒன்பதும் இந்த நாற்பதும் ஒரே எண்ணிக்கை இல்லை. இங்கே ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழே பாய் விரித்து ஒரு அட்டெண்டர் படுத்திருப்பார். அம்மாவோ, மச்சானோ, மதினியோ. துடைத்துவிடுவது, கஞ்சி கொடுப்பது, பெட்பேன் வைப்பது, ரத்தத்தை லேபுக்குக் கொண்டு ஓடுவது, ட்ரிப்ஸ் தீர்ந்தால் "சிஸ்டர்!" என்று கூப்பிடுவது எல்லாம் அவர்கள். சம்பளமில்லாத அந்த ஜனம் இல்லாவிட்டால் நம் வார்டு ஒரு மணி நேரம் ஓடாது. உனக்கு அங்கே அந்த ஆள் இல்லை. அத்தனையும் நீயும் ஒரு ஹெல்த்கேர் அசிஸ்டெண்டும்தான். பகலில் ஒரு நர்ஸுக்கு எட்டு பேருக்கு மேல் போனால் ஆபத்து கூடும் என்று அவர்களே 2014-ல் வழிகாட்டுதல் போட்டுவிட்டு, ஒன்பதைக் கொடுக்கிறார்கள் பார். 2022 டிசம்பரில் அங்கே நர்ஸ்கள் ஸ்ட்ரைக் பண்ணினது சும்மா இல்லை.

கை மறந்துபோகிறது என்று சொன்னாயே, அதை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இங்கே ஒரு நாளைக்கு இருபது வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பில் போடுகிற ஊசிக் குழாய்) போட்டவள், அங்கே டிரெயினிங் முடித்து ஒருத்தர் கையெழுத்துப் போடும் வரை ஊசியைத் தொடக் கூடாது என்றால் மனசு கஷ்டப்படத்தான் செய்யும். முடித்துவிடு. ஐ.சி.யு.வுக்கு மாற்றல் கேள். அடுத்த படியான பேண்ட் 6 அதிலிருந்துதான் வரும்.

சரி, என் பதில். 32,000-க்காக வருவதாக இருந்தால் வராதே. வீட்டு ஞாபகம் தாங்காமல் வருவதாக இருந்தால் வா, அதற்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டில் எது என்று நீதான் சொல்ல வேண்டும். அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு இருந்த ஐந்து வருஷத்தைப் பத்தாக்கப் போகிறோம் என்று அந்த அரசாங்கம் 2025-ல் சொன்னதையும் மனதில் வைத்துக்கொள். அதை நம்பி மட்டும் அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே.

இங்கே கூப்பிடுகிறவர்களிடம் வாய்வார்த்தையில் எதற்கும் சரி சொல்லாதே. அப்பாயிண்ட்மென்ட் ஆர்டரை மெயிலில் அனுப்பச் சொல். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஓவர்டைமுக்கு என்ன, நைட் முடிந்தால் ஆஃப் உண்டா, ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்பார்களா, பாண்ட் எத்தனை வருஷம் என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். எழுதித் தர யோசித்தால் அதுவே பதில். வந்ததும் எனக்கு அனுப்பு, நானும் அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பழைய சிஸ்டர் ஒருத்தியும் உட்கார்ந்து படித்துப் பார்க்கிறோம். அவளிடம் டியூட்டி சார்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

தம்பியின் காலேஜ் ஃபீஸ் கட்டியாகிவிட்டது. அதற்காக இந்த மாதம் பேங்க் ஷிப்ட் என்று கூடுதல் டியூட்டி எதுவும் எடுக்காதே.

அன்புடன்,
அம்மா