தமனியில் கால்சியம் தானாகப் படிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மருத்துவப் பக்கத்தில் இதய நலம் பற்றி வந்த கட்டுரையில், தண்ணீர்க் குழாயில் உப்பு படிவதுபோல ரத்தத்தில் உள்ள கால்சியம் தமனிச் சுவரில் படிகிறது என்று எழுதியிருந்தார்கள். கட்டுரையின் மற்ற பகுதிகள் நன்றாகவே இருந்தன. ஆனால் இந்த ஒரு வரியால் ஆட்கள் கால்சியம் சேர்ந்த மாத்திரையை நிறுத்துகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். அறுவை அரங்கிலிருந்து வரும் சதைத் துண்டுகளை பார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மருத்துவரின் மைக்ராஸ்கோப்புக்கு அனுப்புவது என் வேலை. கால்சியம் ஏறிய தமனி என்றால் பிளேடு பட்டவுடனே தெரிந்துவிடும். கரகரவென்று சத்தம் வரும். சீவலில் நீளமாகக் கிழிசல் விழும், பிளேடின் முனையும் போய்விடும். அமிலத்தில் போட்டுக் கால்சியத்தை எடுத்த பிறகுதான் ஒழுங்காகச் சீவ முடியும்.

சர்க்கரை நோயால் அகற்றப்பட்ட கால்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். வழக்கமாகப் போடும் சாயத்தில் கால்சியம் கருநீலமாகத் தெரியும். அது எந்த இடத்தில் தெரிகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ரத்தம் தொட்டு ஓடும் உட்புறத்தில் இல்லை. சுவரின் நடு அடுக்கில், மென்தசைச் செல்கள் சுற்றிச் சுற்றி அமைந்திருக்கும் பகுதியில் இருக்கும். உள்வழி நன்றாகத் திறந்திருக்க, நடு அடுக்கு மட்டும் முழு வட்டமாக இறுகிப்போன தமனிகள் உண்டு. மோன்கெபெர்க் என்ற ஜெர்மன் நோயியல் மருத்துவர் 1903இல் விவரித்தது இந்த வகையைத்தான். இப்படிப்பட்ட காலில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தால், தமனி அமுங்காமல் அழுத்தம் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். ரத்தத்திலிருந்து சும்மா படிகிறது என்றால், ரத்தம் படும் இடத்தில் அல்லவா முதலில் படிய வேண்டும்?

இதயத் தமனிகளில் கொழுப்புத் திட்டுகளுக்குள் சேரும் கால்சியம் வேறு வகை. அது உள் அடுக்கில் வருவது. ஆனால் அங்கேயும் செல்கள்தான் வேலை செய்கின்றன. சில திட்டுகளில் அசல் எலும்பே இருக்கும், அடுக்கடுக்காக, நடுவே மஜ்ஜையோடு. உப்புப் படிவில் மஜ்ஜை வராது.

நடப்பது என்னவென்றால், நம் ரத்தத்திலும் திசுக்களிலும் கால்சியமும் பாஸ்பேட்டும் எப்போதுமே பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவை சேர்ந்து படிகமாகிவிடாமல் உடம்பு ஓயாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது. கல்லீரல் அனுப்பும் ஃபெட்டுயின்-ஏ என்ற புரதம் ஒரு காவல். தமனியின் மென்தசைச் செல்களே சுரக்கும் மேட்ரிக்ஸ் கிளா புரதம் இன்னொன்று. 1997இல் இந்தப் புரதத்துக்கான மரபணுவை எலிகளில் நீக்கிப் பார்த்தார்கள். எலிகளின் தமனிகள் முழுக்கக் கால்சியம் ஏறி, பெருந்தமனி வெடித்து இரண்டு மாதத்துக்குள் அவை செத்துப்போயின. அவற்றிடம் இல்லாமல் போனது அந்த ஒரு புரதம்தான்.

பாஸ்பேட் மிஞ்சினாலோ, சர்க்கரையும் அழற்சியும் நீடித்தாலோ அந்தக் காவல் தளர்கிறது. அதோடு செல்லே மாறிவிடுகிறது. சுருங்கி விரிய வேண்டிய மென்தசைச் செல், தசைக்குரிய புரதங்களைக் குறைத்துக்கொண்டு, எலும்பு கட்டும் செல்லில் இயங்கும் ரன்க்ஸ்-2 என்ற புரதத்தை உருவாக்கத் தொடங்குகிறது. பிறகு தன் மேற்பரப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளை வெளியே விடுகிறது. முதல் படிகம் அந்தப் பைகளில்தான் பிறக்கிறது. எலும்பு வளரும்போதும் இதே முறைதான். செத்துச் சிதறும் செல்களின் மிச்சங்களும், திட்டுகளில் குடியேறும் மேக்ரோபேஜ் என்ற வெள்ளணுக்களும் இதில் பங்கு போடுகின்றன. எலும்பை வளரச் சொல்லும் பிஎம்பி-2 என்ற புரதம் மனிதத் தமனியின் கொழுப்புத் திட்டுகளிலேயே இருப்பதை 1993இல் கண்டுபிடித்தார்கள். ஆக, இது முப்பது வருஷத்துக்கு மேல் தெரிந்த விஷயம். இன்னும் குழாய் உவமையையே சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் அண்ணன் டயாலிசிஸ் செய்துகொள்பவர். சிறுநீரகம் செயலிழந்தால் பாஸ்பேட் வெளியேறாது, டயாலிசிஸ் அதில் ஒரு பகுதியைத்தான் எடுக்கும். அதனால் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கக் கால்சியம் அசிடேட் மாத்திரை கொடுத்திருந்தார்கள். உணவில் உள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துவைப்பது அதன் வேலை. தங்கள் கட்டுரையைப் படித்தவர், அட்டையில் கால்சியம் என்று பார்த்ததும் நிறுத்திவிட்டார். கேட்டால், "பேப்பர்லயே போட்டிருக்கேம்மா, கால்சியம்தான் அடைக்குதுன்னு" என்றார். பாஸ்பேட் ஏறினால் தமனிச் செல் எப்படி மாறும் என்பதை உட்கார்ந்து விளக்கி, அடுத்த முறை மருத்துவரிடம் கூடவே போய் வந்தேன். கால்சியம் சேர்ந்த மாத்திரையா, செவெலாமர் போலக் கால்சியம் இல்லாததா என்பது உண்மையிலேயே யோசிக்க வேண்டிய கேள்விதான். அதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். அட்டையில் உள்ள பெயரைப் பார்த்து நாம் முடிவு செய்யக் கூடாது.

எலும்புத் தேய்மானத்துக்குக் கால்சியம் சாப்பிடுபவர்களுக்கும் இதே பேச்சுதான். மாத்திரையாக எவ்வளவு தேவை என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் எலும்பில் கால்சியம் குறைந்தவர்களுக்கே தமனியில் கால்சியம் ஏறியிருப்பதும் சகஜம் என்பதைச் சொன்னால், நிறுத்தும் முன் யோசிப்பார்கள்.

இன்னொன்று, இதயத் தமனிகளில் எவ்வளவு கால்சியம் ஏறியிருக்கிறது என்று சி.டி. ஸ்கேனில் வரும் எண், அதாவது கால்சியம் ஸ்கோர். ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த எண் சில நேரம் கூடும். மாரடைப்பு அபாயமோ குறையும். மெத்தென்றிருந்த கொழுப்புத் திட்டு இறுகிக் கெட்டிப்படுவது இதற்கு ஒரு காரணம். மெல்லிய மூடிக்குள் தூள் தூளாக இருக்கும் கால்சியம்தான் திட்டு வெடிக்கத் துணை போகிறது. எண் ஏறியதே என்று பயந்து ஸ்டேட்டினை நிறுத்துவது ஆபத்து. அப்புறம், தமனிக் கால்சியத்தைக் கரைத்துவிடும் என்று விற்கப்படும் எதையும் நம்ப வேண்டாம். சுவருக்குள் ஏறிவிட்டதை நீக்க, நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் வரவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்காகச் சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் கட்டுரை கேட்டு வாங்கி, அதே பக்கத்தில் வெளியிடுங்கள். பாஸ்பேட்டைப் பிடித்துவைக்கும் மாத்திரையை ஏன் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், ஏன் ஒரு வேளை கூட விடக் கூடாது என்பது அதில் முதல் பத்தியிலேயே வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திசுப் பரிசோதனைக் கூட டெக்னீஷியன்,
தங்கள் நீண்டநாள் வாசகி