நத்தார் திகதியைப் பற்றிக் கேட்கிற பிள்ளையை இருத்திவிடாதீர்கள்: எங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டீச்சர்மாருக்கும் சேர்மாருக்கும், பங்குத்தந்தை அவர்களுக்கும்,

கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். பெயர் போடவில்லை. வாசித்ததும் யார் என்று உங்களில் பலருக்கு விளங்கிவிடும், பரவாயில்லை.

போன ஞாயிறு வகுப்பில் என் மகள் எழும்பி ஒரு கேள்வி கேட்டாள். இயேசு டிசம்பர் 25இல் பிறக்கவில்லையாம், அது உரோமர்களுடைய சூரியக் கடவுளின் பிறந்தநாளாம், திருச்சபை பிறகுதான் அதை எடுத்துக்கொண்டதாம், ஒரு வீடியோவில் பார்த்தேன், உண்மையா என்று. "இப்படியெல்லாம் கேட்கக் கூடாது, விசுவாசம் குறைஞ்சு போகும், இரு" என்று பதில் வந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயது. இருந்துவிட்டாள்.

அன்று பின்னேரம் நானும் மாமியும் கேக்குக்குப் பழம் வெட்டிக்கொண்டிருந்தோம். உங்கள் வீடுகளிலும் இப்போது இதுதான் நடக்கும்: முந்திரிகைவற்றல் ஒரு பக்கம், பூசணித் தோசி ஒரு பக்கம், கஜுவைப் பொடிப்பொடியாக வெட்டி வெட்டி விரல் நோகும். மற்ற வருடங்களில் மகள் பக்கத்தில் வந்து நின்றாலே கஜு பாதியாகிவிடும். அன்று ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. "அம்மா, அப்ப நாங்க யாருடைய பேர்த்டேக்குக் கேக் அடிக்கிறோம்?" என்றாள். மாமியின் கத்தி அப்படியே நின்றுவிட்டது.

அந்த டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சம்பளம் இல்லாமல், ஞாயிறு காலை வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து அறுபது பிள்ளைகளைச் சமாளிக்கிறவர். அவருக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள், எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் நாங்கள் பதில் சொல்லாமல் விடுகிற ஒவ்வொரு இடத்திலும் அந்த வீடியோக்காரர்கள்தான் பதில் சொல்லப்போகிறார்கள். அவர்கள் சொல்வதிலும் பாதிதான் சரி. அதனால் நான் தேடி வாசித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் வேதாகமம். இயேசுவின் பிறப்பைச் சொல்வது மத்தேயுவும் லூக்காவும் மட்டும்தான். மாற்கு யோர்தான் ஆற்றங்கரையில் தொடங்குகிறார், யோவான் "தொடக்கத்தில் வாக்கு இருந்தது" என்று தொடங்குகிறார். நான்கு பேரில் ஒருவரும் நாளும் சொல்லவில்லை, மாதமும் சொல்லவில்லை. இடையர்கள் இரவில் வயல்வெளியில் கிடையைக் காத்திருந்தார்கள் என்று லூக்கா சொல்கிறார், அதை வைத்து, டிசம்பர் குளிரில் பெத்லகேமில் ஆடு வெளியில் நிற்காது என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே அந்த மாதத்து இரவு எங்கள் நுவரெலியா இரவு மாதிரிக் குளிரும் என்பது சரிதான், ஆனால் அந்த ஒரு வசனத்தை வைத்து மாதத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

வருடமே சரியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் பிள்ளைகள் அதையும் கேட்பார்கள். ஏரோது அரசன் கி.மு. 4இல் இறந்தான் என்பதுதான் பெரும்பாலான வரலாற்றாளர்களின் கணக்கு. அவன் உயிரோடு இருக்கும்போது இயேசு பிறந்தார் என்றால் கி.பி. 1 பொருந்தாது. அந்தக் கணக்கைப் போட்டவர் 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோனிசியுஸ் என்ற துறவி, அவர் சில வருடங்கள் பிசகிவிட்டார். 2012இல் வெளிவந்த தன் நூலில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அவர்களே இதை எழுதியிருக்கிறார். அவருடைய விசுவாசம் குறைந்துபோகவில்லை.

ஆரம்பகாலக் கிறிஸ்தவர்கள் இந்தத் திகதியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. கி.பி. 200 அளவில் அலெக்சாந்திரியாவில் இருந்த கிளமெந்து என்ற கிறிஸ்தவ அறிஞர், சிலர் எங்கள் கணக்கில் மே 20க்கு வரும் நாளைச் சொல்கிறார்கள், வேறு சிலர் ஏப்ரல் 19 அல்லது 20க்கு வரும் நாளைச் சொல்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். டிசம்பர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அவருக்குப் பின் வந்த ஒரிஜன் என்ற இறையியலாளர், வேதாகமத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பாரவோனும் ஏரோதும் மாதிரியான பாவிகள்தான் என்று பிரசங்கம் செய்தவர். அப்படிப்பட்ட காலத்தில் கிறிஸ்மஸ் என்று ஒரு பெருவிழாவுக்கு எங்கே இடம்?

பிறகு உரோமையில் 354ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி ஏடு வருகிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கத்தாரும் கையில் எடுப்பது இந்த ஒரே ஏட்டைத்தான். அதில் மறைசாட்சிகளின் நினைவுநாள் பட்டியல் ஒன்று இருக்கிறது, அது 336ஆம் ஆண்டளவில் தயாரானது என்பது அறிஞர்களின் முடிவு. அந்தப் பட்டியலின் தலையிலேயே, டிசம்பர் 25க்கு நேரே, கிறிஸ்து யூதேயாவின் பெத்லகேமில் பிறந்தார் என்று இருக்கிறது. அதே ஏட்டின் இன்னொரு பகுதியில் அரச நாட்காட்டி. அங்கே அதே டிசம்பர் 25க்கு நேரே "வெல்லப்படாதவனின் பிறந்தநாள்" என்றும், அன்றைக்கு 30 தேரோட்டப் பந்தயங்கள் என்றும் இருக்கிறது. வெல்லப்படாதவன் என்றால் சூரியன். ஒரே தொகுப்புக்குள் இரண்டு பிறந்தநாளும்!

சரி, எது முதலில் வந்தது? வீடியோக்காரர் ஒரே மூச்சில் சூரியன்தான் என்று சொல்லிவிடுவார். ஔரேலியன் என்ற பேரரசன் 274இல் உரோமையில் சூரியனுக்குப் பெரிய கோவில் திறந்தது உண்மை. ஆனால் டிசம்பர் 25 சூரியனின் பிறந்தநாள் என்று நாள் போட்டுச் சொல்கிற முதல் சான்று அந்த 354ஆம் ஆண்டு ஏடுதான், கிறிஸ்து பிறப்பின் பட்டியலோ அதற்கும் கொஞ்சம் முந்தியது. ஆகவே இதிலிருந்துதான் அது வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. மறுபக்கம், சூரியனுக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று நீங்களும் சொல்லிவிட முடியாது. 5ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய லியோ தன் கிறிஸ்மஸ் பிரசங்கம் ஒன்றில் சொந்த மக்களையே ஏசுகிறார்: புனித பேதுரு ஆலயத்துப் படிகளில் ஏறி, உள்ளே போவதற்கு முன் திரும்பி நின்று உதிக்கிற சூரியனைக் கும்பிடுகிறீர்களே என்று. அந்தப் படிகளில் நின்ற சனங்களை எனக்குக் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கிறது, எங்கள் தெருவிலும் காலையில் அப்படிக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு விளக்கம் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன், வீடியோக்களில் அது வருவதே குறைவு. இயேசு சிலுவையில் இறந்தது மார்ச் 25 என்ற கணக்கு மேற்கில் கி.பி. 200 அளவிலேயே தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளரிடம் இருக்கிறது. அவர் கருவான நாளும் இறந்த நாளும் ஒன்றே என்ற நம்பிக்கையும் பிறகு பரவியிருந்தது, புனித அகுஸ்தீனார் அதை எழுதியே வைத்திருக்கிறார். மார்ச் 25 எங்களுக்கு என்ன திருநாள்? மங்கள வார்த்தைத் திருநாள், இயேசுவைக் கருத்தரிப்பாய் என்று வானதூதர் மரியாளுக்குச் சொன்ன நாள். அன்றிலிருந்து விரலை மடக்கி ஒன்பது மாதம் எண்ணச் சொல்லுங்கள், டிசம்பர் 25இல் வந்து நிற்கும். கிழக்கில் சிலர் இறந்த நாளை ஏப்ரல் 6 என்று கணக்கிட்டார்கள், அங்கிருந்து எண்ணினால் ஜனவரி 6. ஆர்மேனியத் திருச்சபை இன்றைக்கும் ஜனவரி 6இல்தான் இயேசுவின் பிறப்பைக் கொண்டாடுகிறது. மேசையில் கிடந்த கஜுத்துண்டுகளை ஒன்பதாக அடுக்கி மகளுக்கு இதைக் காட்டினேன். இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டாள்.

1889இல் லூயி துஷேன் என்ற பிரெஞ்சுக் குருவானவர் முன்வைத்த விளக்கம் இது. சூரியன் பக்கம் நிற்கிறவர்களும் கணக்குப் பக்கம் நிற்கிறவர்களும் அறிஞர்களுக்குள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நான் வாசித்த அளவில் கணக்குப் பக்கம் எனக்குக் கூடப் பிடிக்கிறது. 386இல் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற குருவானவர் பிரசங்கம் செய்யும்போது, இந்த நாள் எங்களுக்குத் தெரியவந்து இன்னும் பத்து வருடம் ஆகவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறார். அது புதிய பழக்கம் என்று முணுமுணுத்தவர்கள் அவருடைய சபையிலும் இருந்திருக்கிறார்கள். அவர் அவர்களை இருத்திவிடவில்லை, காரணம் காட்டிப் பதில் சொன்னார்.

நாங்கள் தினமும் சொல்கிற சொல்லையே எடுங்கள். நத்தார். போர்த்துக்கேயரின் நத்தாலிலிருந்து வந்தது, அது இலத்தீன் நத்தாலிஸிலிருந்து வந்தது, பிறந்தநாள் என்று அர்த்தம். அந்த உரோம நாட்காட்டியில் சூரியனுக்குப் பக்கத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கிப் போட்டிருப்பதும் இதே சொல்லைத்தான். சிங்களத்தில் நத்தல, தமிழில் நத்தார். போர்த்துக்கேயர் போய் முந்நூற்று அறுபது வருடத்துக்கு மேலாகியும் இந்தச் சொல் கொழும்பில் நிற்கிறது. இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையின் முகம் மலராது?

எங்கள் மேல் வீட்டு அக்கா பொங்கலுக்குப் பானை வைத்தால் முதல் கிண்ணம் எங்களுக்குத்தான் வரும். சூரியன் வடக்கே திரும்புகிற நாள் என்று அவர்களும் சொல்வார்கள். உண்மையில் சூரியன் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். ஏறக்குறைய 1,700 வருடங்களுக்கு முன் சூரியன் திரும்பும் நாளும் பொங்கல் நாளும் ஒன்றாக இருந்தன, மெல்ல மெல்ல விலகிப் பொங்கல் இப்போது ஜனவரி 14, 15இல் வருகிறது. டிசம்பர் 25உம் அப்படித்தான், உரோமர்களின் பழைய நாட்காட்டியில் அதுதான் சூரியன் திரும்பும் நாள், நாலாம் நூற்றாண்டுக்குள்ளேயே அது சில நாள் பிசகிவிட்டது. பொங்கலைத் தப்பான நாளில் வைக்கிறீர்கள் என்று நாங்கள் யாரும் அக்காவிடம் போய்ச் சொல்வதில்லையே.

குடில் விஷயத்தையும் சொல்லிக் கொடுக்கலாம். மாடும் கழுதையும் நற்செய்தியில் இல்லை, ஏசாயா முதலாம் அதிகாரத்திலிருந்து வந்து சேர்ந்தவை. ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை. 1223இல் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி வைத்துச் செய்தது எங்கள் கோவில் குடிலுக்கு முன்னோடி. கடதாசியைக் கசக்கிப் பாறை செய்து, நெல் முளைக்கப்போட்டுப் புல்வெளி காட்டுகிற எங்கள் பெடியன்களுக்கு இதைத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது.

இந்தப் பிள்ளைகள் பெரிய கேள்விகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் பக்கத்துத் தெருக்களில், கடவுள் ஏன் அதைத் தடுக்கவில்லை என்று சின்னப் பிள்ளைகள் கேட்டார்கள். எங்களிடம் பதில் இருக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கூட அழுதோம், அடுத்த ஞாயிறு பூசைக்குப் போக முடியாமல் கோவில்கள் பூட்டியிருந்தன, தொலைக்காட்சிக்கு முன்னால் முழங்காலில் நின்றோம். அந்தக் கேள்வியைத் தாங்கிய விசுவாசமா ஒரு திகதிக் கேள்வியில் குறைந்துபோகும்?

ஆகவே கேட்கிறேன். ஒளிவிழாவுக்கு நீங்கள் எழுதிவைத்திருக்கிற அறிமுகத்தில் "இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே நாளில், இதே இரவில்" என்று ஒரு வரி வரும், நாங்கள் சின்னதில் மேடை ஏறிய காலத்திலிருந்து அதே வரி. "இந்த நாளில் நாம் நினைவுகூருகிறோம்" என்று மாற்றுங்கள், ஒரு பிள்ளையின் வாயில் பொய் இருக்காது. திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளில் ஒன்றில் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். பாதர், உங்களுக்கு நேரம் இருந்தால் நீங்களே எடுத்தால் நல்லது, குருமடத்தில் இதையெல்லாம் படித்திருப்பீர்கள். பதில் தெரியாத டீச்சர் "தெரியாது, தேடிப் பார்த்து அடுத்த கிழமை சொல்கிறேன்" என்று சொல்லட்டும். மாமிக்கு எழுபத்தெட்டு வயது, அன்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னதும் அதுதான்: "எனக்குத் தெரியாது மகள், கொம்மாட்டக் கேள்."

மகள் கொப்பியில் அடுத்த கேள்வியை எழுதி வைத்திருக்கிறாள். ஆர்மேனியர்கள் ஜனவரி 6இல் கொண்டாடினால், எருசலேமில் இருக்கிற ஆர்மேனியர்கள் மட்டும் ஏன் ஜனவரி 19இல் கொண்டாடுகிறார்கள் என்று. 13 நாள் பிந்தி ஓடுகிற பழைய யூலியன் நாட்காட்டிதான் காரணம் என்று எனக்குத் தெரியும், அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு வகுப்பில் கை உயர்த்துவாள். தயவுசெய்து எழும்ப விடுங்கள்.

அன்புடன்,
ஒரு பங்குத் தாய்