சொட்டாத ஒழுகல்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது குவாலிஸ் மூன்றாம் கியரில் இழுக்காமல் திணறுகிறது, காலையில் செல்ஃப் அடித்து அடித்துத்தான் ஸ்டார்ட் ஆகிறது என்று போனில் சொன்னாய். போனில் விளக்கினால் பாதி காதில் விழாது, மீதி மறந்துபோகும். அதனால் டீசல் ஃபில்டரை எப்படி மாற்றுவது என்று எழுதி அனுப்புகிறேன். பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் முழுசாக ஒரு தடவை படித்துவிடு. வேலை செய்யும்போது பக்கத்திலேயே வைத்துக்கொள், டீசல் கறை பட்டால் பரவாயில்லை.

நீ சொன்ன இரண்டும் ஒரே கோளாறாக இருக்கவேண்டும் என்று இல்லை, சாமி. சமதளத்தில் நன்றாக ஓடி, மேட்டில் மட்டும் திணறினால் டீசல் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். சும்மா நிற்கிற எஞ்சினுக்குக் கொஞ்சம் டீசல் போதும், அடைத்த காகிதத்தின் வழியாகவும் அது வந்துவிடும். 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது கேட்கிற அளவுதான் வராது. ஃபில்டரை வாங்கும் முன் காசில்லாமல் ஒன்றைப் பார்த்துவிடு: வண்டி திணறியதும் ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திற. உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டால், மூடியில் காற்று போகிற துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் வெற்றிடம் உண்டானால் டீசல் வராது, அதற்கும் இதே திணறல்தான்.

காலை ஸ்டார்ட்டிங் விஷயம் வேறு. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர் பக்கம் ஒருவரை நிற்கச் சொல். வெள்ளைப் புகை டீசல் வாடையோடு வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. குளிர்ந்த எஞ்சினுக்குள் சூடேற்றித் தருகிற ஹீட்டர் பிளக்கைப் பார்க்கவேண்டும். புகையே வரவில்லை என்றால் டீசலே போய்ச் சேரவில்லை. ராத்திரியில் எங்கோ காற்று புகுந்து, லைனில் நின்ற டீசல் டேங்குக்கே திரும்பியிருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஹீட்டர் பிளக் நாலையும் மாற்றிக் காசைக் கரைப்பவர்கள் நிறைய.

இந்த வேலையில் உன் மனதில் நிற்கவேண்டியது ஒன்றுதான். குவாலிஸின் 2446 சிசி எஞ்சினுக்கு டேங்கில் மின்சாரப் பம்ப் கிடையாது. முன்னால் இருக்கிற டீசல் பம்ப்தான், இளநீரை உறிஞ்சுகிற மாதிரி, டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக இழுத்துக்கொள்கிறது. ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் இளநீர் வெளியே கொட்டாது. உன் வாய்க்குக் காற்றுதான் வரும். இங்கேயும் அப்படியே. ஃபில்டரின் ரப்பர் ரிங் சரியாக உட்காரவில்லை என்றால் எஞ்சின் ஓடும்போது ஒரு சொட்டுக்கூடக் கீழே விழாது, உள்ளே காற்றுதான் போகும். "ஒழுகவில்லை, அதனால் சரியாக மாட்டிவிட்டேன்" என்று இந்த வண்டியில் சொல்ல முடியாது. ஒழுகலைக் காட்டித் தருவது ஃபில்டருக்கு மேலே இருக்கிற கைப்பம்ப்தான். அதை அமுக்கும்போது ஃபில்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது, அந்த நேரத்தில் மட்டும் கெட்ட இடத்தில் ஈரம் கசியும்.

முதலில் சாமான். பொள்ளாச்சிக்கு இறங்கும்போது எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிடு, ஒரு ரிங்குக்காக மறுபடி 65 கிலோமீட்டர் இறங்கி ஏற முடியாது. கம்பெனி ஃபில்டரோ, பாஷ், மான் போன்ற பேர்பெற்ற ஒன்றோ பில்லோடு வாங்கு. உடன் வருகிற ரப்பர் ரிங்குகளைக் கடையிலேயே எண்ணிப் பார்: ஃபில்டர் மாட்டுகிற மேல்பாகமான தலையோடு ஒட்டுகிற பெரிய ரிங் ஒன்று, அடியில் டீசலில் தண்ணீர் சேர்ந்தால் காட்டுகிற சென்சாருக்குச் சின்ன ஓ-ரிங் ஒன்று. ஓ-ரிங் இல்லையென்றால் டீசலுக்கு என்று கேட்டுத் தனியாக வாங்கு. தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற சாதாரண ரப்பர் டீசலில் ஊறி உப்பிவிடும். மலிவான ஃபில்டர் வேண்டாம். உள்ளே காகித மடிப்பைக் குறைத்து வைத்திருப்பான், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பம்ப்புக்குள் டீசலைத் தள்ளுகிற தண்டான பிளஞ்சருக்கும் அது ஓடுகிற துளைக்கும் நடுவே இருக்கிற இடைவெளி சில மைக்ரான்தான். அந்தப் பம்ப்புக்குத் தனி ஆயில் கிடையாது, ஓடுகிற டீசலேதான் அதற்கு ஆயில். மண்ணும் தண்ணீரும் அதற்குள் போனால், சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய்ப் பல ஆயிரத்தில் நிற்கும்.

பெல்ட் மாதிரி சுற்றிப் பிடிக்கிற ஃபில்டர் ஸ்பேனர் ஒன்று, 10 எம்எம் ஸ்பேனர், அகலமான தட்டு, மூடியுள்ள கண்ணாடி பாட்டில், சுத்தமான டீசல் ஒரு லிட்டர், கையுறை, கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி. துடைக்க பழைய வேட்டித் துணி எடுத்துக்கொள். காட்டன் வேஸ்ட் வேண்டாம், அதிலிருந்து உதிர்கிற ஒரு நூல் ஃபில்டருக்குப் பின்பக்கம் போனால் நேராகப் பம்ப்புக்குத்தான் போகும். டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்கட்டும்.

மழை இல்லாத நாளில், எஞ்சின் ஆறின பிறகு, சமமான இடத்தில், வெளிக்காற்றில் செய். கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்று. பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது. டீசல் பெட்ரோல் மாதிரி குப்பென்று பிடிக்காது என்பது உண்மைதான், புகை வெளியேறுகிற சூடான மேனிஃபோல்டில் விழுந்தால் பிடிக்கும். ஆல்டர்னேட்டர் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டுக் கட்டிவிடு. டீசலில் நனைந்தால் அதன் கார்பன் கெடும், ரப்பர் பெல்ட்டும் ஊறும்.

இப்போது ஃபில்டரைப் பார். தலையில் கையால் அமுக்குகிற வட்டமான பம்ப், கீழே தகரக் குடம், அதற்கும் அடியில் வயர் போகிற சென்சாரும் வடிகால் திருகும். தொடுவதற்கு முன்னால் தலையையும் குடத்தின் கழுத்தையும் டீசல் தொட்ட துணியால் நன்றாகத் துடை. கழற்றும்போது உள்ளே விழுகிற மண் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சென்சார் வயரின் கிளிப்பை அமுக்கி உருவு, வயரைப் பிடித்து இழுக்காதே. வடிகாலுக்குக் கீழே கண்ணாடி பாட்டிலை வைத்து, திருகை இரண்டு சுற்று தளர்த்து. கைப்பம்பை மெதுவாக அமுக்கினால் டீசல் இறங்கும். முதல் கால் லிட்டரைத் தனியாகப் பிடித்துப் பத்து நிமிடம் வெளிச்சத்தில் வை. தண்ணீர் இருந்தால் பாட்டில் அடியில் உருண்டை உருண்டையாக, கண்ணாடியில் ஒட்டாமல் ஓடும். பாட்டிலைச் சாய்த்தால் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே முத்தாகும். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் பயப்படாதே. விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலோ, கறுப்பாக வழவழவென்று பாசி மாதிரி வந்தாலோ டேங்கையே கழற்றிக் கழுவவேண்டும். புது ஃபில்டர் போட்டாலும் மறுபடி உடனே அடைத்துவிடும். வால்பாறை ஈரத்துக்குப் பாதி டேங்க் ராத்திரி முழுக்க நின்றால் உள்சுவரில் வியர்க்கும், அந்த வியர்வை டீசலுக்கு அடியில் இறங்கிவிடும். அதனால்தான் மழைக்காலத்தில் டேங்கை நிரப்பி வை என்று சொல்கிறேன்.

மிச்ச டீசலை வடித்துவிட்டு, ஸ்பேனரைக் குடத்தின் அடிப்பக்கமாகச் சுற்றி, கீழிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பு. வரவில்லை என்று ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருப்பாதே. தகரம் கிழியும், பொடி தெறிக்கும், கழுத்து மட்டும் அங்கேயே நிற்கும்.

குடம் கையில் வந்ததும் வேறு எதையும் செய்யாமல் அதன் வாயைப் பார். பழைய ரப்பர் ரிங் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து, தலையின் நிறத்திலேயே, தகட்டின் பாகம் போலத் தெரியும். விளக்கடித்து, நகத்தால் சுற்றிலும் தடவிப் பார். அதை எடுக்காமல் மேலே புது ரிங்கை வைத்து இறுக்கினால் இரண்டு ரிங்கும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். இறுக்கம் சரியாகவே தோன்றும், ஆனால் காற்று இழுக்கும். ஃபில்டர் மாற்றின மறுநாள் வண்டி நின்றுபோனால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

சென்சாரைப் பழைய குடத்திலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டவேண்டும். அது பிளாஸ்டிக், முரட்டுத்தனம் ஆகாது. பழைய ஓ-ரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதியதில் டீசல் தடவி, கையால் இறுக்கு. கிரீஸ் வேண்டாம். பெரிய ரிங்குக்கும் டீசல் மட்டும்தான்.

புதுக் குடத்தில் டீசல் நிரப்பி மாட்டலாமா என்று கேட்பாய். நிரப்பலாம், எந்தத் துளையில் ஊற்றுகிறாய் என்பதில்தான் விஷயம். ஓரத்தில் வட்டமாக இருக்கிற சின்னத் துளைகள் அழுக்கு டீசல் நுழைகிற வாசல்; நடுத்துளை வடிகட்டிய டீசல் வெளியேறுகிற வாசல். நடுவில் ஊற்றினால் கேனில் இருந்த தூசி வடிகட்டாமல் பம்ப்புக்குப் போகும். ஓரத்துத் துளைகளில் மட்டும், முக்கால் குடம் வரைக்கும், பொறுமையாக ஊற்று. காகிதம் குடித்து உள்ளே இறங்க நேரமாகும். பொறுமை இல்லையென்றால் ஊற்றாமலே மாட்டு, கைப்பம்ப் இழுத்துக்கொள்ளும்.

மாட்டும்போது முதல் இரண்டு மரை விரல் நுனியில் சுலபமாக ஏறவேண்டும். உறுத்தினால் கழற்றி மறுபடி பிடி. ரிங் தலையைத் தொட்டதும் நிறுத்தி, அங்கிருந்து கையால் அரைச் சுற்று, அதிகம் போனால் முக்கால் சுற்று. குடத்தின்மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்று. ஸ்பேனரைத் தொடாதே. இறுக்கிப் பிழிந்தால் ரிங் நசுங்கி ஓரமாகப் பிதுங்கும், அதற்குப் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. வடிகாலையும் கையால் இறுக்கி, சென்சார் வயரை மாட்டு.

இனி ஏர் எடுக்கிறது, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியே தள்ளுகிறது. கைப்பம்பை அமுக்கு, முழுசாக மேலே வரவிட்டு மறுபடி அமுக்கு. முதலில் உள்ளங்கைக்குக் கீழே பலூன் மாதிரி ஒன்றும் இல்லாமல் போகும். முப்பது, நாற்பது தடவையில் எதிர்ப்பு தெரியும். பிறகு கல் மாதிரி இறுகி, கட்டைவிரல் வலிக்கிற நிலைக்கு வரும். அந்த இறுக்கம் வந்த பிறகு இன்னும் பத்து தடவை கொடுத்துக்கொண்டே ரிங், சென்சார், வடிகால் மூன்றையும் துடைத்து விளக்கடித்துப் பார். ஈரம் தெரிந்தால் இப்போதே சரிசெய். நூறு தடவை அமுக்கியும் இறுகவில்லை என்றால், டேங்கிலிருந்து வருகிற டியூப் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது கைப்பம்புக்குள் இருக்கிற ரப்பர் கிழிந்திருக்கிறது. 2005-இலேயே குவாலிஸ் உற்பத்தி நின்றுவிட்டது, உன் வண்டி டியூபுக்கு என்ன வயசு என்று நீயே கணக்குப் போடு. டியூபை மடித்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் டீசல் டியூபே வாங்கி, இரண்டு முனைக்கும் புதுக் கிளிப் போடு.

பேட்டரியை மாட்டி, டாஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு அணைந்ததும் செல்ஃப் அடி. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் அரை நிமிடம் விடு, இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் சூடேறிப் போய்விடும். இருமி இருமிப் பிடிக்கும், பிடித்ததும் ஆக்ஸிலரேட்டரை லேசாக அமுக்கி வைத்திரு. நாலைந்து தடவையிலும் பிடிக்கவில்லை என்றால் எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற நாசிலில் பைப் சேருகிற 17 எம்எம் நட்டில் இரண்டை மட்டும் அரைச் சுற்று தளர்த்தி, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல். நுரை நின்று டீசல் தெறித்ததும் இறுக்கு. கண்ணாடி போட்டுக்கொள், கையை அருகில் கொண்டுபோகாதே, நாசில் அழுத்தம் 100 பாருக்கு மேல் (பார் என்பது அழுத்தத்தின் அளவு).

இதைப் பார்த்துவிட்டு எஸ்டேட்டில் யாராவது தங்கள் டீசல் இன்னோவாவுக்கோ டீசல் ஸ்விஃப்டுக்கோ செய்துதரச் சொன்னால், நட்டைத் தளர்த்துகிற வேலையை மட்டும் அங்கே செய்யவே கூடாது. அவையெல்லாம் காமன் ரயில், ஒரே பொதுக்குழாயிலிருந்து எல்லா நாசிலுக்கும் டீசல் போகிற வகை, 1000 பாருக்கு மேல் ஓடும். ஊசித்துளையில் பீறிடுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்த்தால் சின்னக் கீறல் மாதிரி, வலியும் அவ்வளவாக இருக்காது, ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் அறுத்துச் சுத்தம் செய்யவில்லை என்றால் விரல் போய்விடும். அப்படி நடந்தால் தாமதிக்காமல் ஓடவேண்டும்.

எஞ்சின் பிடித்த பிறகு பத்து நிமிடம் ஓடவிடு. ஐட்லிங் ஏறி இறங்கினால் இன்னும் கொஞ்சம் காற்று இருக்கிறது, சில நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால், ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே இருக்கிற டியூபைக் கழற்றிவிட்டு, அதே உள்விட்டத்தில் கண்ணாடி மாதிரி தெளிவான டியூபைத் தற்காலிகமாகப் போட்டுப் பார். குமிழி கண்ணுக்குத் தெரியும். யூகம் பண்ணிக்கொண்டிருப்பதைவிட இது மேல். பார்த்து முடித்ததும் பழையபடி டீசல் டியூபையே போட்டுவிடு, தெளிவான டியூப் சூட்டில் இளகிவிடும்.

வடித்த டீசலைச் சாக்கடையிலோ தேயிலைக் காட்டிலோ ஊற்றாதே, கண்ணு. அங்கே எல்லாத் தண்ணீரும் ஏதாவது ஓடையில்தான் சேரும். கேனில் மூடி வைத்து, பொள்ளாச்சி வரும்போது ஒர்க் ஷாப்பில் கொடு. கிலோமீட்டரையும் தேதியையும் புதுக் குடத்தின் மேலேயே பெயிண்ட் பேனாவால் எழுது. 20,000 ஓடினதும் அடுத்தது. ஒரு ஃபில்டரும் ஒரு ஜோடி ரிங்கும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

மறுநாள் காலை சாவியைத் தொடுவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து கைப்பம்பை அமுக்கு. ஒன்றிரண்டு அமுக்கிலேயே இறுகினால் ராத்திரி முழுக்க டீசல் இறங்கவில்லை. பத்து பன்னிரண்டு அமுக்கியும் தொளதொளவென்று இருந்தால் இன்னும் காற்று நுழைகிறது, ரிங்கிலிருந்து மறுபடி ஆரம்பி. எத்தனை அமுக்கில் இறுகியது என்று அந்த எண்ணிக்கையை மட்டும் போனில் சொல்.

இப்படிக்கு,
அம்மா