தராசுக்கு நேரியல் தந்தவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளை மலையடிவாரம் முதல் தூத்தூர் கடற்கரை வரை, முன்பின் தெரியாத என்னை உள்ளே அழைத்துக் கட்டிலில் உட்கார வைத்த எல்லோருக்கும் வணக்கம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பச்சிளம் குழந்தைக்கு முதல் 42 நாள்கள் எப்படிப் போகின்றன என்று பார்க்க வந்த மருத்துவ ஆராய்ச்சி மாணவி நான். ஆய்வேட்டைக் கொடுத்தாகிவிட்டது. அதில் நன்றி சொல்ல அரைப் பக்கம்தான் இடம். பேராசிரியர்களே அதை நிறைத்துவிட்டார்கள். எனவே உங்களுக்குத் தனியாக இந்த மடல்.

குளச்சலுக்கு மேற்கே, குருசடி என்னும் சிலுவைக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுப் பாட்டிக்குத்தான் முதல் நன்றி. தொங்கு தராசின் கொக்கியை நான் வெளியே எடுத்ததும் அவர் பேரனைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். "சீலா மீனைத் தூக்குவது போல என் பிள்ளையைத் தூக்குவதா?" வாழ்நாளெல்லாம் மீன் விற்றவர். கொக்கியில் தொங்குவது எதுவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? நான் கொண்டுபோயிருந்த முரட்டுத் துணித் தொட்டிலைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே, தோளில் போடும் தம் பழைய மேல்துணியான நேரியலோடு வெளியே வந்தார். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்த துணி. அதை முதலில் தராசில் மாட்டி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகு குழந்தையைக் கிடத்தினோம். அழவே இல்லை. அன்று முதல் ஆய்வு முடியும் வரை எல்லா வீடுகளிலும் அந்த நேரியல்தான். வீட்டுக்கு வீடு கொதிநீரில் அலசி அலசி இன்னும் மெலிந்துவிட்டது.

என் கேள்வித்தாளைத் திருத்தியதும் அவர்தான். "பிறந்தவுடன் தாய்ப்பாலைத் தவிர வேறு ஏதாவது கொடுத்தீர்களா?" என்பது கேள்வி. அதுவரை நிரப்பிய படிவங்கள் அத்தனையிலும் "இல்லை". எனக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. பாட்டியும் "இல்லை" என்றார். விடைபெறும்போது பேச்சுவாக்கில், பொன்னை உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் வைத்ததைச் சொன்னார். அதைக் கொடுத்ததாகச் சொல்லவில்லையே என்றேன். "மக்களே, கொடுப்பது வேறு, தொட்டு வைப்பது வேறு." என் மகிழ்ச்சி அந்தத் திண்ணையோடு போயிற்று. சொல்லை மாற்றிக்கொண்டு பழைய வீடுகளுக்கெல்லாம் மறுபடி நடந்தேன். ஒரு வயது ஆகும்வரை தேன் ஆகாது, அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகும் என்று நான் சொன்னதைப் பாட்டி பொறுமையாகக் கேட்டார். அடுத்த பேரப்பிள்ளைக்குப் பொன்னை மட்டும் காட்டினால் போதுமா என்று கேட்டார். போதும் என்றேன்.

கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங்கும் ராணி பங்கும் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, வீடு தேடிப் போய்ப் பச்சிளம் குழந்தைகளைப் பார்க்க வைத்தார்கள். மூன்றாம் ஆண்டில் அந்த ஊர்களில் பச்சிளம் குழந்தை இறப்பு, ஒப்பிட்ட ஊர்களைவிட 62 சதவீதம் குறைந்தது. 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அந்தக் கட்டுரைதான் என்னை இந்தத் துறைக்கு இழுத்தது. அதை அடியொற்றி 2011-இல் வந்த தேசியத் திட்டம், ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் வீட்டில் போய்ப் பார்க்கச் சொல்கிறது. அந்த அட்டவணையோடு வந்து இறங்கினேன். அக்கா பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "எந்த வீட்டில்?"

நெய்யூரில் 1838-லேயே லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய மாவட்டம் இது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்படி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சிக்கல் அதற்குப் பிறகு. தாய் வீட்டில் சில வாரம், மாமியார் வீட்டில் சில வாரம் என்று குழந்தை இடம் மாறுகிறது. இரண்டு துணை சுகாதார நிலையங்களும் மற்றது பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடக்கூடும். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும்போது அரசு தரும் பிக்மி எண் இருக்கிறது. கதவு எண் மாறிவிடுகிறது. அக்காவிடம் கோடு போட்ட ஒரு நோட்டு உண்டு. எந்தப் பெண்ணுக்குத் தாய்வீடு எந்த ஊர், என்றைக்கு அழைத்துப் போகிறார்கள், அந்த ஊர்ச் செவிலியரின் போன் எண் என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். அரசாங்கம் கேட்காத நோட்டு அது. என் ஆய்வின் பாதி அதிலிருந்து வந்தது என்பதை ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் திருத்த விடவில்லை.

28-ஆம் நாள் அரைஞாண் கட்டும் வீட்டுக்குப் படிவத்தோடு போகாதே, சாப்பிடப் போ என்று சொல்லித் தந்ததும் அவர்தான். சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

தடிக்காரன்கோணத்துக்கு மேலே, ரப்பர் தோட்டக் குடியிருப்புப் பெண்களே, நான் வந்த முதல் நான்கு நாளும் உங்கள் வீடுகள் பூட்டிக் கிடந்தன. விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவீர்கள் என்பதுகூடத் தெரியாமல் காலையில் வந்து நின்றேன். "மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றைக்கு வா" என்றீர்கள். அதன் பிறகு மழைக்காகக் காத்திருந்து மலையேறினேன். ஜீப் ஓட்டிய அண்ணன் அட்டைப்பூச்சிக்கு உப்பும் தராசுக்குப் பிளாஸ்டிக் உறையும் எடுத்து வைத்திருப்பார்.

அந்த அண்ணனுக்கு இன்னொரு கடனும் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில், ஒரு லைன் வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்காள் தன் தம்பியின் மூச்சை எண்ணினாள். இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் தாமதிக்காதே என்று சொல்லியிருந்தேன். மறுபடியும் எண்ணிவிட்டு 68 என்று போனில் சொன்னாள். இரவு மணி ஒன்பது, நல்ல மழை. அண்ணன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் அந்தப் பையனுக்கு நிமோனியா என்றார்கள். இப்போது தவழ்கிறான். தங்கையே, கணக்குப் பாடம் வராது என்று இனி யாரிடமும் சொல்லாதே.

ஒரு தகப்பனையும் சொல்ல வேண்டும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. அதனால் அவர் வீட்டில் இருந்தார். குழந்தை 1,900 கிராம். அதன் தாய்க்குக் காய்ச்சல். மார்போடு தோல் படக் குழந்தையை அணைத்து வைக்கும் முறை, 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் தொடங்கியது என்று நான் பாடம் எடுக்க ஆரம்பிப்பதற்குள் அவர் சட்டையைக் கழற்றிவிட்டார். "படகின் எஞ்சின் நெஞ்சுக்குள் ஓடுவது போல இருக்கிறது" என்றார். பாலூட்டும் நேரம் போக, முற்றத்தில் சீட்டு விளையாடக் கூப்பிட்டவர்களுக்கும் அந்தக் கோலத்திலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தடை முடிந்து அவர் கடலுக்குப் போகும் வாரத்தில் குழந்தை 2,500 கிராமைத் தாண்டியிருந்தது.

ஆய்வில் கண்டதை உங்கள் ஊர்களுக்கே வந்து தமிழில் படித்துக் காட்டுகிறேன். கடற்கரையில் ஞாயிறு பூசை முடிந்து, மலையில் மழை நாளில். பாட்டி, நேரியலைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அஞ்சலில் அனுப்ப மனமில்லை. நானே கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகள் பெயர் வைத்த 'தராசு டாக்டர்'