போர்டில் இருந்த 'அசல்' எங்கே போனது?

வணக்கம்.

கடைக்கு வெளியே தொங்கும் போர்டில் 'அசல் அமெரிக்கக் காலை உணவு' என்று இருந்ததில் முதல் வார்த்தையின் மேல் வெள்ளை பெயின்ட் அடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, கடை கைமாறிவிட்டதா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். கைமாறவில்லை, நாங்களேதான் அடித்தோம். காரணத்தை ஆங்கிலத்திலும் தாய் மொழியிலும் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியாயிற்று (தாய் மொழி என்றால் தாய்லாந்து மொழி, தாய்மொழியில் எழுதுவது இது). சியாங் மாய் வரும்போதெல்லாம் எங்கள் கடையைத் தேடிப் பிடித்து வரும் தமிழர்களும் இருக்கிறீர்கள், உங்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு மன்னிப்பு. போன மாதம் ஏறக்குறைய இரண்டு வாரம் பான்கேக்கோடு நாங்கள் மேப்பிள் சிரப் என்று வைத்தது மேப்பிளே இல்லை. வழக்கமாக வாங்கும் இடத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று வேறொரு மொத்த வியாபாரியிடம் வாங்கினேன், விலை பாதிதான், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். புட்டியின் முன்பக்கம் பெரிதாக ஒரு மேப்பிள் இலை, பின்பக்கம் எறும்பு எழுத்தில் சோளச் சிரப், கேரமல் நிறம், வாசனை எசன்ஸ். வாரம் இரண்டு முறை வரும் வெர்மான்ட்காரப் பெரியவர் ஒருவர் (மேப்பிளுக்குப் பேர்போன அமெரிக்க மாநிலம் அது) விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டை மெதுவாக நகர்த்தி வைத்தார். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சுமார் 40 லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சினால் 1 லிட்டர் தேறும் பொருள் அது, பாதி விலைக்கு யார் கொடுப்பார்கள்?

ஆனால் அன்று இரவு கணக்கு எழுதும்போது இன்னொன்று உறுத்தியது. நான் நியூ ஜெர்ஸியில் ஒரு டைனரில் (அந்த ஊர்ச் சாதாரணச் சாப்பாட்டுக் கடை) ஆறு வருடம் கிரில் முன்னால் நின்றவன். அங்கே மேசைக்கு மேசை வைத்திருந்ததும் இதே சோளச் சிரப்தான், மேப்பிள் கேட்டால் தனிக் காசு. அமெரிக்காவில் சாதாரண டைனர்களில் பெரும்பாலும் அப்படித்தான். அப்படியானால் எது அசல்? வெர்மான்ட்காரர் வீட்டில் ஊற்றியதா, நான் ஆறு வருடம் ஊற்றியதா?

அந்த வார்த்தை அதற்கு முன்பே எங்களுக்கு நிறைய வம்பு இழுத்துக் கொடுத்திருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்துக்காரர் வந்தால் கிரிட்ஸ் இல்லாமல் என்ன காலை உணவு என்பார் (சோள ரவைக் கஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், வெண்ணெயும் உப்பும் போட்டு, நம் உப்புமாவுக்குக் கொஞ்சம் தளர்வாக). நியூ ஜெர்ஸிக்காரருக்கு போர்க் ரோல் (பதப்படுத்திய பன்றிக் கறி வில்லை) வேண்டும், அதையே டெய்லர் ஹாம் என்று அழைப்பவர்களும் அதே மாநிலத்தில் உண்டு, இரண்டு கட்சியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் எனக்கு அன்று பொழுது போய்விடும். நியூ மெக்ஸிகோக்காரர் முட்டை மேல் பச்சை மிளகாய்ச் சாறு எங்கே என்று தேடுவார். எல்லோரும் கேட்பது அவரவர் அம்மா சமையல், போர்டில் எழுதியிருந்தது என்னமோ ஒரே சொல்.

இன்னொரு பக்கம் தாய்லாந்துக்கே சொந்தமான ஓர் 'அமெரிக்கன் பிரேக்ஃபாஸ்ட்' இருக்கிறது. எந்த கெஸ்ட் ஹவுஸ் மெனுவிலும் பார்க்கலாம், டிராவல்ஸ்காரர்கள் சுருக்கமாக ஏ.பி.எஃப். என்று எழுதுவார்கள்: இரண்டு முட்டை, ஒரு சுற்று ஹாம், இரண்டு சின்ன ஹாட்டாக், முக்கோணமாக வெட்டிய ரொட்டி, ஜாம், ஆரஞ்சு ஜூஸ். ரொட்டி கொஞ்சம் இனிக்கும், ஏனென்றால் இந்த ஊருக்கு ரொட்டி என்றால் அப்படித்தான் பிடிக்கும். அப்புறம் அமெரிக்கன் ஃபிரைட் ரைஸ்: கெச்சப்பில் புரட்டிய சோறு, உலர்திராட்சை, ஹாட்டாக், பொரித்த கோழி, மேலே ஒரு முட்டை. அமெரிக்காவில் எவரும் கேள்விப்பட்டிராத அமெரிக்கச் சாப்பாடு. வியட்நாம் போர்க் காலத்தில் கோராட், உடோன், உதபாவ் தளங்களில் அமெரிக்கப் படைகள் இருந்தபோது பிறந்தது என்று ஒரு கதை, பாங்காக்கின் டான் முவாங் விமான நிலைய உணவகத்தில் பிறந்தது என்று இன்னொரு கதை. படைகள் 1976இல் போய்விட்டன, சோறு இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, மதியத்தில் நானே அடிக்கடி வாங்கிச் சாப்பிடுகிறேன்.

சரி, பக்கத்துத் தெருவில் 99 பாட்டுக்கு (பாட் என்பது இந்த ஊர்க் காசு) கிடைப்பதற்கு நீங்கள் ஏன் 240 வாங்குகிறீர்கள் என்ற கேள்விக்கு வருகிறேன், அதிகம் கேட்கப்படுவது இதுதான்.

பேக்கனை நாங்களே போடுகிறோம். இங்கே சந்தையில் 'மூ சாம் சான்' என்று விற்கும் மூன்றடுக்குப் பன்றி வயிற்றுக் கறியை உப்பு, சர்க்கரை, பதப்படுத்தும் உப்பு தடவி ஏழு நாள் ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு புகை போடுகிறோம். அமெரிக்காவில் புகை போடும் ஹிக்கரி மரக் கட்டைக்கு இங்கே எங்கே போவது, இந்தப் பக்கம் லாம்பூன் வரைக்கும் லாங்கன் பழத் தோப்பாக இருப்பதால் லாங்கன் கட்டைதான். புகை கொஞ்சம் இனிப்பாக இருக்கும். இது ஹிக்கரி மாதிரியே இருக்கிறது என்று சொல்லி ஏமாற்றப் போவதில்லை, எனக்கு இதுவே பிடித்துவிட்டது. சாசேஜும் கடையில் பிடிப்பதுதான்: அரைத்த கறி, சந்தபுரி மிளகு, உலர்ந்த சேஜ் இலை. அந்தச் சேஜ் ஒரு சின்ன புட்டி வாங்கும் காசுக்கு ஒரு கிலோ கறி வாங்கலாம், ஆனால் அது இல்லாவிட்டால் அது வேறு ஊர் சாசேஜ் ஆகிவிடும்.

முட்டையில் குறை சொன்னவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் சமையலறையில் இருக்கும் அக்காவுக்கு ('பி' என்று கூப்பிடுவோம்) தாய் மொழியில் 'கை தாவ்' எனப்படும் நட்சத்திர முட்டை கண்ணை மூடிக்கொண்டு வரும்: நிறைய எண்ணெய், ஓரமெல்லாம் பொன்னிறத்தில் மொறுமொறுப்பு. ஓவர் ஈஸி என்றால் ஓரம் வெள்ளையாக இருக்க வேண்டும், திருப்பிப் போட்டு உடனே எடுக்க வேண்டும் (ஆஃப் பாயிலைக் கவிழ்த்துப் போட்டு மூச்சு விடுவதற்குள் எடுப்பது என்று நினைத்துக்கொள்ளுங்கள்). கற்றுக்கொண்டுவிட்டார், ஆனாலும் கூட்டம் இருக்கும்போது கை பழைய வழிக்குப் போய்விடும். ஓரம் முறுகி வந்தால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். பாதிப் பேர் ருசி பார்த்துவிட்டு வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்கிறார்கள்.

ஹாஷ் பிரவுனுக்குச் (துருவிக் கல்லில் வாட்டிய உருளைக்கிழங்கு) சில நாள் லீவு விடுவதற்குக் காரணம் கிழங்கு. சியாங் மாய்ப் பக்கம் உருளைக்கிழங்கு நன்றாகவே விளைகிறது, பெரும்பகுதி சிப்ஸ் தயாரிப்புக்குப் போய்விடுகிறது. சந்தையில் கிடைப்பது தண்ணீர் விட்டதாக இருந்தால், எத்தனை முறை அலசித் துணியில் கட்டிப் பிழிந்தாலும் கல்லில் களியாகிவிடும். அன்று போடுவதில்லை. சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: வழக்கமாக பேக்கன் கொழுப்பில்தான் வாட்டுகிறோம், முன்பே சொன்னால் தனிச் சட்டியில் எண்ணெய் விட்டுச் செய்து தருவோம்.

பிஸ்கட் பற்றித் தமிழர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'பிஸ்கட் அண்ட் கிரேவி' என்று மெனுவில் பார்த்துவிட்டு, டீயில் தோய்க்கும் பிஸ்கட்டைக் குழம்பில் போட்டுத் தருவோம் என்று நினைத்து ஒரு குடும்பமே பயந்துபோய் எழுந்துவிட்டது. இது உப்பு போட்ட சின்ன ரொட்டி, உள்ளே அடுக்கடுக்காகப் பிரியும். மாவில் குளிர்ந்த வெண்ணெயை உதிர்க்க வேண்டும், வெண்ணெய் உருகினால் அடுக்கு போச்சு, ஏப்ரலில் இந்த ஊர் வெயிலுக்கு அது நெய்யாகிவிடும். அதனால் அதிகாலை நாலு மணிக்கு, மாவையும் பாத்திரத்தையும் முந்தின இரவே ஃபிரீசரில் வைத்து எடுத்துச் செய்கிறோம். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் பயன்படுத்தும் மென்கோதுமை மாவு இங்கே கிடைக்காது, சாதா மைதாவோடு கேக் மாவு கலக்கிறோம். பட்டர்மில்க் என்பது நம் மோர் இல்லை, இன்னும் கெட்டி; தயிரில் பால் ஊற்றி அடித்துச் சரிக்கட்டுகிறோம். கிரேவி பார்க்கப் போஸ்டர் ஒட்டும் பசை மாதிரிதான் இருக்கும். சாசேஜ் கொழுப்பில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றி மிளகு தூவியது வேறு எப்படி இருக்கும்? ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள்.

சிரப்புக்கு இனி இப்படி: பான்கேக்கோடு லாங்கன் தேன் இலவசமாக வரும், இங்கத்திய தேன், நன்றாக இருக்கிறது. மேப்பிள் வேண்டுமென்றால் சின்னக் கிண்ணம் 70 பாட், புட்டியை உங்கள் மேசைக்கே கொண்டுவந்து பின்பக்கத்தைக் காட்டிவிட்டுத்தான் ஊற்றுவோம். அந்த இரண்டு வாரத்தில் பான்கேக் சாப்பிட்டவர்கள் வந்து சொன்னால் போதும், பில் கேட்க மாட்டோம், ஒரு கிண்ணம் எங்கள் கணக்கு. வெர்மான்ட்காரர் தன் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார், மீதியைக் காப்பியில் ஊற்றிக் குடித்தார்.

காலை 6.30 முதல் 11 வரை, செவ்வாய் விடுமுறை, சொங்க்ரானுக்கு (தாய்லாந்துப் புத்தாண்டு) ஏப்ரல் 13 முதல் 15 வரை கடை இல்லை. பிஸ்கட் சனி, ஞாயிறு மட்டும், ஒரு நாளைக்கு 40தான் போட முடிகிறது, ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. வேண்டும் என்பவர்கள் முந்தின நாள் மாலைக்குள் லைன் ஆப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள், எடுத்து வைக்கிறோம்.