இலை ஷெட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்பான எல்லோருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம், ஸலாம்.

போன மாதம் ஃபாக்டரி வாசலில் பந்தல் போட்டு, மேளம் வைத்து என்னை வழியனுப்பினீர்கள். போட்ட சால்வைகளே பீரோவில் ஒரு தட்டு நிறைய இருக்கிறது. மேடையில் பேசிய எல்லோரும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சொன்னீர்கள்: "இத்தனை வருஷம் தராசில் நின்றவர், ஒரு கைப்பிடி இலையைக்கூட மாற்றி எழுதவில்லை. அவருடைய விசுவாசம் அப்படி." மைக் என் கைக்கு வந்தபோது "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பின்னால் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது, யாரும் அதற்குமேல் கேட்கும் நிலையில் இல்லை. அந்தக் கிருபை யார் யார் கைவழியாக வந்தது என்று சொல்லத்தான் இந்த மடல். பெயர் போடவில்லை. படித்தால் யாரென்று கோத்தகிரியில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும்.

வெளியூர்க்காரர்களுக்காக முதலில் கொஞ்சம் விவரம். எங்கள் நீலகிரிப் பக்கம் கால் ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிற விவசாயிதான் அதிகம். பறித்த இலையைச் சாக்கில் கட்டி ஷெட்டுக்குக் கொண்டுவருவார்கள். நான் நிறுத்து, கணக்குப் புத்தகத்தில் எழுதி, லாரியில் ஏற்றிவிட வேண்டும். பணம் மாதக் கடைசியில், குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் போன விலையைப் பார்த்து வரும். விலை யார் கையிலும் இல்லை. 2023-ல் ஆதார விலை கேட்டு இங்கே உண்ணாவிரதமே இருந்து பார்த்தார்கள். விவசாயி கண்ணெதிரே நடக்கிற ஒரே விஷயம் எடைதான், அங்கேதான் கைவரிசை காட்டவும் இடம் இருக்கிறது. இருபத்து மூன்று கிலோ அறுநூறு கிராமை இருபத்து மூன்று என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆளுக்கு அரைக் கிலோ என்று நூறு பேரிடம் விட்டால் ஐம்பது கிலோ இலை. நாலரைக் கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்று வைத்தாலும், யாருக்கும் காசு கொடுக்காமல் பதினோரு கிலோ தூள் கிடைக்கும். இதுபோக சாக்கின் எடைக்கென்று கழிக்கிற சாக்குக் கழிவு, இலை மேலிருக்கிற ஈரத்துக்கென்று கழிக்கிற தண்ணிக் கழிவு என்று இன்னும் இரண்டு கதவுகள் திறந்தே இருக்கின்றன.

முதல் நன்றி அம்மாவுக்கு. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் முதலில் அவருக்குத்தான். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, மலை ஏறி வந்தோம். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-லேயே அரசு இங்கே தேயிலை போட ஆரம்பித்திருந்தது. அம்மா அங்கேயும் கொழுந்து பறித்தார், இங்கேயும் கொழுந்துதான் பறித்தார். சிலோன் கதை சொல்ல ஆரம்பித்தால் கடைசியில் அரைப்பேரில் வந்து நிற்பார். நாளுக்கு இத்தனை கிலோ என்று ஒரு கணக்கு உண்டு. அதில் ஒரு கிலோ குறைந்தாலும் பாதிக் கூலிதான், அதற்கு அரைப்பேர் என்று பெயர். மழையில் நனைந்து, அட்டை கடித்த காலோடு வந்து, தராசுக்காரன் ஒரு கிலோவைத் தள்ளிவிட்டதால் அரைப்பேரோடு வீடு திரும்பியதை அவர் கோபமில்லாமல்தான் சொல்வார். எனக்குத் தராசு வேலை கிடைத்த அன்று ஜெபம் பண்ணிவிட்டு, "நிறுக்கும்போது ஆளோட மூஞ்சியப் பாத்து நிறுடா" என்றார். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகளில் நான் மனப்பாடம் பண்ணியது அதற்கு அப்புறம்தான்.

அடுத்து, ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வருகிற அம்மா, நீங்கள். வெள்ளைத் துண்டும் முண்டுமாக, சாக்குக்கு முன்னால் நீங்களே வந்து நிற்பீர்கள். ஐப்பசி மழையில் தண்ணிக் கழிவு எவ்வளவு என்று தினமும் ஷெட்டில் சண்டை நடக்கும். ஒரு ஷெட்டில் பத்துக்கு ஒன்று, இன்னொன்றில் பத்துக்கு இரண்டு, கேட்டால் "மழைதானே" என்பார்கள். நீங்கள்தான் சொன்னீர்கள், "சண்டை எதுக்கு, காயவெச்சுப் பாத்துரலாம்" என்று. உங்கள் சாக்கிலிருந்தே பத்துக் கிலோவைப் பிரித்து நிறுத்தோம். ஃபாக்டரியில் இலை வாட வைக்கிற தொட்டிக்குக் கொண்டுபோய், மெல்லிசாகப் பரப்பி, ஃபேன் போட்டோம். இலை வாடிவிடவும் கூடாது, மேல் தண்ணீர் மட்டும் போக வேண்டும். நீங்கள் பக்கத்திலேயே நின்று, அவ்வப்போது ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்தி, விரித்துப் பார்த்தீர்கள். கை ஈரம் படாமல் வந்ததும், "இப்ப எடு" என்றீர்கள். திரும்ப நிறுத்தபோது ஒரு கிலோவுக்குச் சற்றுக் கீழேதான் குறைந்திருந்தது. அடைமழை பெய்த இன்னொரு நாளில் அதைவிட நிறையவே குறைந்தது, அதையும் வாயைத் திறக்காமல் ஒத்துக்கொண்டீர்கள். அன்று முதல் மழைநாளில் எல்லோர் முன்னாலும் மாதிரி எடுத்துக் காயவைத்து, அன்றைய கழிவை அன்றே சிலேட்டில் எழுதுவது வழக்கமானது. அதற்காக வீட்டு வேலையைப் போட்டுவிட்டுக் குளிரில் நின்றது நீங்கள், நல்ல பெயர் வந்தது எனக்கு. ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு நீங்கள் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டபோதும் இதைச் சொல்ல வாய் வரவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

உங்களோடு சேர்த்து மற்ற விவசாயிகளுக்கும். ஷெட்காரன் ஏமாற்றுவான் என்று பேசுகிற ஊரில், சாக்கு நடுவில் முற்றின இலையை ஒளிக்கிறவர்களும், தண்ணீர் தெளித்துக் கட்டுகிறவர்களும் இல்லாமல் இல்லை. எதிரே நிற்கிற ஆள் இரண்டு இலை ஒரு மொட்டாகப் பார்த்துப் பறித்துக் கொண்டுவந்தால் நேராக எழுதுவது பெரிய சாதனையே இல்லை. என் ஷெட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் கொண்டுவந்தார்கள்.

முதலாளி ஐயாவுக்கு. நீங்கள் வருஷா வருஷம் மாலை போட்டுச் சபரிமலை போகிறவர். நான் கழிவைக் குறைத்து எழுத ஆரம்பித்த முதல் மாதக் கணக்கு உங்கள் மேஜைக்கு வந்தபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தீர்கள். இலை வாங்குகிற வேறு ஏஜெண்ட்கள் கிலோவுக்குக் காசு கூட்டிக் கொடுத்துவிட்டு, கூட்டிய காசைத் தராசில் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. நம்மிடம் வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே போனார்கள். "எழுதறது சரியா இருக்கட்டும், நஷ்டம் என்னோடது" என்றீர்கள். போனவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துத் திரும்பி வருவதற்குள் உங்களுக்கு எவ்வளவு கைவிட்டுப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கணக்கையும் நான்தான் எழுதினேன். 2009 நவம்பர் மழையில் மலை முழுக்க மண் சரிந்து நாற்பது பேருக்குமேல் இறந்துபோன அந்த வாரத்தில், ரோடு அறுந்து இலை ஷெட்டிலேயே கறுத்துப் புளித்துப்போனது. நிறுத்து எழுதிய இலைக்குப் பாதி விலையாவது கொடுக்கலாம் என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் நீங்களே லிஸ்ட் கேட்டீர்கள். சம்பளம் வாங்குகிறவன் நேர்மையாக இருப்பதற்கு ஒரு வேலைதான் போகும், முதலாளிக்கு ஃபாக்டரியே போகும். இதை மேடையில் யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் இலை வரும், செடிக்கு ஓய்வுநாள் தெரியாது. லாரி ஓட்டிய பாய், முதல் ஆராதனை முடிந்து நான் வரும்வரை முதல் லோடை நீங்களே நிறுத்து வைத்தீர்கள். நான் வந்து ஒருமுறைகூட மறுபடி நிறுத்துப் பார்த்ததில்லை. ரமலான் மாதத்தில் சாயங்கால லோடுக்கு உங்களுக்குப் பதிலாக ஆள் பிடித்து, நான் கூடப் போய் இறக்கிவிட்டு வருவேன். நீங்கள் பள்ளிவாசலில் நோன்பு திறந்துவிட்டு, தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து ஷெட் மேஜையில் வைத்துவிட்டுப் போவீர்கள். நாம் மார்க்கத்தைப் பற்றி ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை, பேச நேரமும் இருந்ததில்லை.

எங்கள் சபையின் பழைய போதகர் ஐயா, உங்களுக்கு ஒரு தனி நன்றி. எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே செய்யுங்கள் என்ற கொலோசெயர் வசனத்தை வேலைக்காரர்களுக்கு வாசித்துக் காட்டாத ஆள் கிடையாது. சுவரில் மாட்டுவது, காலண்டரில் போடுவது எல்லாம் அந்த வசனம்தான். நீங்கள் அன்று அறுப்பின் பண்டிகையில் அதோடு நிறுத்தாமல், இரண்டு மூன்று வசனம் தள்ளி வருகிற அடுத்த அதிகாரத்தின் முதல் வரியையும் வாசித்தீர்கள்: எஜமான்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார், வேலைக்காரருக்கு நியாயமானதைச் செய்யுங்கள் என்பது. முன்வரிசையில் எஸ்டேட் வைத்திருப்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பவுல் எழுதும்போது அந்த இரண்டும் ஒரே மூச்சில் வந்தவை, அதிகாரம் பிரித்தது பின்னால் வந்தவர்கள் என்று சொல்லிவிட்டு, நேரே காணிக்கை ஏலத்துக்குப் போய்விட்டீர்கள். ஏலத்தில் ஒரு பூசணிக்காய் அன்று வழக்கத்துக்கு மேல் விலை போனது, காரணம் எனக்குத் தெரியாது.

முத்திரை ஆய்வாளர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும், சிரிக்காதீர்கள். ஷெட்டில் ஒரு தம்பி எலெக்ட்ரானிக் தராசின் மேல் வசன ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று ஆசையாகக் கேட்டான். தராசில் ஒட்ட வேண்டியது வருஷத்துக்கு ஒருமுறை தொழிலாளர் துறை போடுகிற முத்திரைதான் என்றேன். வசனம் ஒட்டிய தராசைச் சந்தேகப்பட விவசாயிக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தில்தான் ஏமாற்று நடக்கும். முத்திரை போட வந்தவர்கள் டீ வாங்கிக் கொடுத்தால் குடித்தார்கள், அதற்குமேல் எதையும் எதிர்பார்க்காமல் எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு வாய்த்தவர்கள் அப்படி.

பக்கத்து வீட்டு அக்கா, சாக்கடை போகிற வழிக்காக நம் இரண்டு வீடும் பல வருஷம் பேசாமல் இருந்தது. அம்மா இறந்த இரவு, கேட்காமலே எங்கள் அடுப்படிக்குள் வந்து, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தீர்கள். எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கும் என்று அத்தனை வருஷம் கழித்தும் உங்களுக்கு ஞாபகம் இருந்தது. சாக்கடை இன்னும் அதே வழியில்தான் போகிறது. பரவாயில்லை.

கடைசியாக வீட்டுக்காரிக்கு. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஒரு ஏஜெண்ட் அனுப்பிய ஸ்வீட் டப்பா வீட்டுக்கு வந்தது, நான் ஷெட்டில் இருந்தேன். திறந்தால் மைசூர்பாகுக்கு அடியில் ஒரு கவர். நீ மைசூர்பாகை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, கவரை அதே டப்பாவில் போட்டு, கொண்டுவந்த பையன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "இனிப்பு நல்லா இருந்துச்சுன்னு சொல்லு" என்று அனுப்பியிருக்கிறாய். ராத்திரி சாப்பிடும்போது எனக்கும் ஒரு துண்டு வைத்தாய், அப்போதுதான் விஷயமே தெரியும். நானாக இருந்திருந்தால் டப்பாவோடு திருப்பி அனுப்பி அந்த மனுஷனைப் பகைத்திருப்பேன். அவர் அதற்கப்புறம் ரோட்டில் பார்த்தால் சிரிக்கவாவது சிரித்தார். மகளுடைய நர்ஸிங் ஃபீஸுக்கு உன் சங்கிலி அடகுக் கடைக்குப் போன வருஷமும் அதுதான். அந்தக் கவரில் எவ்வளவு இருந்தது என்று நீ எண்ணிப் பார்க்கவில்லை என்கிறாய். நம்புகிறேன்.

பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

ஷெட்டில் இனிமேல் நிற்கப்போவது ஸ்டிக்கர் கேட்ட அந்தத் தம்பிதான். எழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும், கிராம்வரை எழுதுவான். எடையில் சந்தேகம் வந்தால் தயங்காமல் சாக்கை இறக்கி மறுபடி நிறுக்கச் சொல்லுங்கள், முகம் சுளிக்க மாட்டான். மழைநாளில் மாதிரி இலையைக் காயவைக்க ஹட்டி அம்மா கொஞ்ச நாளைக்கு வந்து நின்றால் அவனுக்கு உதவியாக இருக்கும். தொட்டி ஃபேனில் ஒன்று சத்தம் போடுகிறது, அதை முதலாளி ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய தராசுக்காரன்,
கோத்தகிரி