கீரை மேலே, பூசணி கீழே

எல்லோருக்கும் வணக்கம்.

வாரந்தோறும் வீடுகளுக்குக் கொடுத்துவந்த காய்கறிப் பைகளில், இந்தச் சுற்றின் கடைசிப் பையும் நேற்று மாலை கைமாறிவிட்டது. இந்த மூன்று வாரமும் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். வண்டி கொடுத்தவர்கள், ஓட்டியவர்கள், தராசும் கிரேட்டும் இரவல் தந்தவர்கள், அழுகலைப் பொறுக்கிக் கழித்தவர்கள், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் வேண்டாம் என்றவர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். முதல் வாரம் பை வாங்க வரிசையில் நின்ற அம்மா அவர். வாங்கிய பையைத் திறந்து பார்த்தவர், "கீரைய அடியில போட்டு மேல பூசணிய வெச்சிருக்கீங்களே தம்பி, வீடு போறதுக்குள்ள நசுங்கிடாதா?" என்றார். தன் பையை ஓரமாக வைத்துவிட்டு, இருட்டும்வரை எங்களோடு உட்கார்ந்து மீதிப் பைகளையெல்லாம் பிரித்து மறுபடி அடுக்கினார்.

அடியில் பூசணியும் உருளையும், அதன்மேல் முட்டைக்கோஸ், கேரட், பிறகு பீன்ஸ், தக்காளி, உச்சியில் கீரை. கேரட்டின் தழையை உடனே கிள்ளிவிடச் சொன்னார். விட்டுவைத்தால் அது கிழங்கின் ஈரத்தை இழுத்து, கேரட் தொய்ந்துவிடும். நாங்களோ நல்லதென்று நினைத்துக் கீரையைக் கழுவி, பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டியிருந்தோம். அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் மறுநாளே இலை கொழகொழத்துவிடும். மண்ணை உதறி, கழுவாமல், லேசாக ஈரப்படுத்திய துணியில் சுற்றினால் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டிலும் வாடாமல் இருக்கும். வாழைப்பழத்தைத் தனியாக எடுத்து வைத்தார். பழம் விடும் எத்திலீன் வாயு பட்டால் கீரை சீக்கிரம் மஞ்சளாகும். அவர் அந்தப் பெயரெல்லாம் சொல்லவில்லை, "பழத்தோட சேராது" என்றார், அவ்வளவுதான்.

எதை முதலில் சமைப்பது என்பதையும் அவர்தான் சொன்னார்: முதல் நாள் கீரை, அடுத்து பீன்ஸும் பழுத்த தக்காளியும், பிறகு கேரட், கோஸ், வெட்டாத பூசணி கடைசியில். அதைத் துண்டுச்சீட்டில் படமாக வரைந்து ஒவ்வொரு பையிலும் போட்டோம். படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது பயன்பட்டது.

அதுவரை எத்தனை கிலோ கொடுத்தோம் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தோம். அதில் எத்தனை கிலோ சட்டிக்குப் போனது என்று யாரும் கேட்கவில்லை. கொடுத்த அளவும் போதவில்லை. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய், பழம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு அதில் சேராது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல். நாங்கள் கொடுத்தது உருளையையும் சேர்த்து 5 கிலோ.

இனி உருளையைத் தனிக் கணக்காக எழுதுவோம். வாரம் ஒரே தடவை மொத்தமாகக் கொடுக்காமல், இரண்டு நாள் பிரித்துக் கொடுப்போம். கீரை இரண்டு நாளும் உண்டு. வேலை முடிந்து வருபவர்களுக்காக இரவு எட்டு மணிவரை பை கொடுக்கும் மேசை இருக்கும்.

அம்மா, அந்த மேசைக்குப் பின்னால் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம். முடிந்த அன்று வாருங்கள். உங்கள் பையை முதலில் கட்டி வைத்துவிடுகிறோம். அன்றைக்குப் போல நீங்கள் கடைசியாக எடுத்துப் போக வேண்டாம்.